வராதவர்களின் கணக்கு

ஊர் ஊராக அலைந்து கண்ணில் படலம் நீக்கிய நாடோடி வைத்தியருக்கு மருத்துவமனை கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. நோயாளியின் வீட்டுத் திண்ணைதான் அறுவை அரங்கு. கூரான கருவியால் கண்ணைத் துளைத்து, புரை படிந்த லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே அழுத்திக் கீழே தள்ளிவிடுவார். வழியை மறித்துக்கொண்டிருந்தது விலகியதும் கிழவருக்கு வெளிச்சம் தட்டுப்படும். முகத்துக்கு நேரே விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்பார். சரியான பதில் வந்ததும் சுற்றி நின்ற சனம் வாயடைத்துப் போகும். கூலியை மடியில் முடிந்துகொண்டு, கட்டை இத்தனை நாளைக்கு அவிழ்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வைத்தியர் கிளம்பிவிடுவார். கட்டை அவிழ்க்கிற அன்று அவர் எந்த ஊரில் இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. சீழ் பிடித்தும் கண்ணழுத்தம் ஏறியும் இருந்த ஒளியையும் தொலைத்த கண்கள் ஏராளம்.

சுசுருத சங்கிதையில் இடம்பெற்ற முறை, தலைமுறை தலைமுறையாகக் கைமாறித் தேய்ந்து இப்படி ஆகியிருந்தது. கெட்டுப்போன கண்களில் ஒரு பகுதி கடைசியாக வந்து சேர்ந்த இடம் சென்னைக் கண் மருத்துவமனை. 1819இல் தொடங்கிய அந்த மருத்துவமனை, லண்டன் மூர்ஃபீல்ட்ஸைப் போல உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. பின்னால் எழும்பூருக்கு இடம் மாறியது. இன்றும் கண் சிவந்தால் நாம் சொல்லும் ‘மெட்ராஸ் ஐ’ என்ற பெயரும் அந்த வளாகத்தோடு சேர்ந்ததுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். கண்ணழுத்த நோய்க்கு அவர் வகுத்த துளை அறுவை உலகம் முழுக்கப் பரவியது. நாட்டு வைத்தியர்கள் கைவைத்துப் பாழான கண்களைச் சேகரித்து, வெட்டிப் பார்த்து, அந்தச் சிகிச்சை பற்றி 1917இல் ஒரு நூலே வெளியிட்டார்.

எலியட்டின் ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஊரிலேயே சிறந்த மருத்துவமனை எழும்பூரில் இருக்க, சனங்கள் ஏன் திண்ணை வைத்தியரிடம் கண்ணைக் காட்டினார்கள்? அறியாமை என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது மருத்துவர்களுக்கு அன்றும் வசதியாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

திண்ணை வைத்தியர் வீட்டுக்கே வந்தார். வயல் வேலை கெடவில்லை, ரயில் கூலி இல்லை, துணைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. கூலியைப் பேரம் பேசலாம். மனைவி, மக்கள், பங்காளி எல்லாரும் பக்கத்தில் இருக்கக் கண்ணைத் திறந்து காட்டலாம். எழும்பூருக்கு வருவதென்றால் இதில் ஒன்றுகூடக் கிடையாது. தெரியாத ஊர், வெள்ளைச் சீருடை, புரியாத பேச்சு, செத்தால் பொணம் ஊருக்கு வருமா என்ற பயம். வைத்தியம் எழும்பூரில் நன்றாக இருந்தது. நோயாளியை நடத்தத் தெரிந்தவர், பாவம், அந்த நாடோடியாகத்தான் இருந்தார். தமிழ்நாட்டுக் கண் மருத்துவத்தின் அடுத்த நூறு ஆண்டுக் கதை, பெருமளவுக்கு, இந்த இடைவெளியை அடைத்த கதை.

அதற்கு முன்பே தஞ்சாவூரில் ஒரு விதிவிலக்கு நடந்திருந்தது. 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தினார். ஐரோப்பிய மருத்துவமும் நாட்டு மருத்துவமும் அங்கே கலந்து புழங்கின. கண் நோயாளிகளுக்கென்று எழுதிவைத்த குறிப்பேடுகள் சரஸ்வதி மகால் நூலகத்தின் சேமிப்பில் கிடைத்திருக்கின்றன. நோயாளியின் விவரம், கண்ணின் நிலை, சிகிச்சை ஆகியவற்றோடு கண்ணின் படத்தையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். வந்தவரை மறக்காமல் இருப்பதற்குக் காகிதம் வேண்டும் என்பது ஓர் அரசருக்குப் பிடிபட்டிருந்தது. கட்டைப் போட்டுவிட்டு ஊரைவிட்டுப் போகிற வைத்தியருக்கு அது தேவைப்படவில்லை.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் மருத்துவர்களே கிராமத்துக்குக் கிளம்பினார்கள். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவர் விக்டர் ராம்போ 1940களின் இறுதியில் கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர்களுக்குப் போய் அங்கேயே அறுவை செய்தார். கர்நாடகத்தில் எம். சி. மோதி இதையே திருவிழா அளவுக்குக் கொண்டுபோனார். 1968இல் திருப்பதியில் ஒரே நாளில் 833 பேருக்குக் கண்புரை அறுவை செய்தார் என்பது அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, வரிசையாகப் பாய் விரித்து, கட்டுப் போட்ட முதியவர்களைப் படுக்க வைத்த கண் முகாம் அந்தத் தலைமுறைக்குப் பழகிய காட்சி.

முகாம் நோயாளியின் வாசலுக்கு வந்ததென்னவோ உண்மை. ஆனால் திண்ணை வைத்தியரின் ஒரு குறை அதற்கும் ஒட்டிக்கொண்டது: அதுவும் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடும். மருத்துவர் ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு கண்ணில் வலி வந்தால் யாரிடம் போவது? அந்நாளைய அறுவையில் லென்ஸை முழுதாக எடுத்துவிடுவார்கள், பதிலுக்கு எதையும் வைக்க மாட்டார்கள். பூதக்கண்ணாடி போல் தடித்த மூக்குக்கண்ணாடி இல்லாமல் பார்வை இல்லை. மாடு முட்டியோ பேரப்பிள்ளை இழுத்தோ அது உடைந்தால், அறுவை செய்துகொண்டவர் மறுபடியும் குருடர். அறுவை வெற்றி என்று முகாம் பதிவேட்டில் எழுதியிருக்கும். ஆள் மறுபடி இருட்டில் உட்கார்ந்திருப்பார்.

மதுரை அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில் கண் பிரிவின் தலைவராக 1956இல் பொறுப்பேற்ற ஜி. வெங்கடசாமி இந்த முகாம்களில் ஊறியவர். எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர். உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பிள்ளைப்பேற்றுக் காலத்தில் இறந்ததைப் பார்த்து, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்றுதான் படிக்க வந்தார். சென்னை ஸ்டான்லியில் 1944இல் பட்டம் வாங்கி ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தவரை முடக்குவாதம் படுக்கையில் தள்ளியது. கைவிரல்கள் கோணிவிட்டன. மகப்பேறு மருத்துவக் கனவு அதோடு போயிற்று. கண் மருத்துவத்துக்கு மாறி, கோணிய விரல்களுக்கு ஏற்ற கருவிகளைச் செய்துகொண்டு கத்தி பிடிக்கப் பழகினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் அறுவை செய்தவை அந்த விரல்கள்தான்.

1976இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி இருவரும் கண் மருத்துவர்கள். தம்பி சீனிவாசன் கட்டடமும் கணக்கும் பார்த்தார். நிர்வாகத்துக்குத் துளசிராஜ் வந்தார். ஹாம்பர்கர் கடைகளின் ஒழுங்கைக் கண்டு வியந்து, அதேபோல் கண் அறுவையையும் சீராகப் பெருக்க முடியும் என்று வெங்கடசாமி சொன்ன கதை மேலாண்மைப் பள்ளிகளில் சலிக்கச் சலிக்கச் சொல்லப்பட்டுவிட்டது. 1993இல் ஹார்வர்டின் கஸ்தூரி ரங்கன் எழுதிய பாடமே அதற்குப் பாதிக் காரணம். இரண்டு மேசைகள், ஒரு மருத்துவர், ஒருவரை முடித்துவிட்டு அடுத்தவரிடம் திரும்புவார், ஒரு மருத்துவருக்கு ஆண்டுக்கு இரண்டாயிரம் அறுவை என்ற அந்தப் பகுதியை விட்டுவிடலாம். அரங்குக்குள் நடந்ததைவிட, அரங்கின் வாசல் வரைக்கும் ஓர் ஆளைக் கொண்டுவந்து சேர்த்த விதம்தான் வரலாற்றில் புதிது.

தொடக்கத்தில் அவர்களுக்கும் அடி விழுந்தது. முகாமில் பார்த்து, உங்களுக்குப் புரை இருக்கிறது, அறுவை இலவசம், மதுரைக்கு வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் வந்தவர்கள் சொற்பம். இலவசம் என்றாலே கூட்டம் அள்ளும் என்பது படித்தவர்களின் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று முகாமே காட்டிக்கொடுத்தது.

இங்கேதான் அந்த மருத்துவமனை மற்றவர்களிடமிருந்து விலகுகிறது. வராதவர்களைத் திட்டாமல், அவர்களைத் தேடிப்போய்க் காரணம் கேட்டது. வந்த பதில்களில் ஒன்றுகூட மூடநம்பிக்கை இல்லை. மங்கலாகவாவது தெரிகிறதே, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றார்கள். அறுவை இலவசம்தான், பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் யார் தருவது என்றார்கள். கூட வருகிற மகனுக்கு அத்தனை நாள் கூலி போகும். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பிள்ளைகள் வேண்டாமென்கிறார்கள். கத்தி என்றால் பயம். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வரவுசெலவுக் கணக்கு.

இந்தக் கேள்வியை முறையாக ஆராயவும் செய்தார்கள். 1980களில் சேவா அறக்கட்டளையோடு தொடர்புடைய கிரிஜா பிரில்லியன்ட், துளசிராஜ் முதலியோர் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் பலவிதமான வழிகளைச் சோதித்தார்கள். முடிவு 1991இல் அச்சானது. சில ஊர்களில் அறுவைக் கட்டணம் மட்டும் இல்லை. வேறு சில ஊர்களில் பயணம், சாப்பாடு எல்லாமே இல்லை. ஓரிடத்தில் சோதனை வண்டி போயிற்று, இன்னோரிடத்தில் ஆள் வீடு வீடாகப் போனார். அப்படிப் போனவர்களில், ஏற்கெனவே அறுவை செய்துகொண்டு பார்வை பெற்ற கிராமத்துக்காரர்களும் உண்டு. முழுச் செலவையும் ஏற்றுக்கொண்ட இடங்களில் ஒப்புக்கொண்டவர்கள் கூடினார்கள். துண்டுப்பிரசுரத்தையும் ஒலிபெருக்கியையும் மட்டும் நம்பினால் போதாது என்பதும் தெளிவாயிற்று.

இதிலிருந்து உருவான நடைமுறை இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியும். ஊரில் முகாமை நடத்துவது லயன்ஸ் சங்கம், ரோட்டரி, கோயில் கமிட்டி, வங்கிக் கிளை, மில் நிர்வாகம் என்று உள்ளூருக்குத் தெரிந்த முகங்கள். அறுவை ஊரில் கிடையாது. கண்ணைப் பார்ப்பது மட்டும் அங்கே. அறுவை தேவைப்படுபவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டி வருவார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்குப் போனவர் திரும்புவதில்லை என்பது அனுபவம் கற்றுக்கொடுத்த பாடம். சாப்பாடு, தங்கல், அறுவை, திரும்பும் பயணம் எல்லாம் அதில் அடக்கம். ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றாக வந்து, ஒன்றாகப் படுத்து, ஒன்றாகக் கட்டு அவிழ்த்து, ஒன்றாக ஊர் திரும்பினார்கள். துணைக்கு மகன் வரவேண்டிய கட்டாயம் இதனாலேயே போயிற்று; பக்கத்துப் பாயில் படுத்திருந்த மச்சான் முறைக்காரரே துணை. சில வாரங்கள் கழித்து மருத்துவக் குழு அதே ஊருக்குத் திரும்பி வந்து கண்ணைப் பார்க்கும். நாடோடி வைத்தியர் செய்யாத காரியம் அது ஒன்றுதான்; அதை மட்டும் செய்திருந்தால் எலியட்டுக்கு நூல் எழுதும் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

பணம் கொடுப்பவர்களை நடத்திய விதமும் கவனிக்கத்தக்கது. முதல் 11 படுக்கைகளிலேயே கட்டணமும் இலவசமும் சேர்ந்திருந்தன. பிறகு இரண்டுக்கும் தனித்தனிக் கட்டடங்கள் வந்தன. எந்த வாசலுக்குள் நுழைவது என்பதை நோயாளியே முடிவு செய்தார். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, தாசில்தார் கையெழுத்து எதையும் கேட்கவில்லை. நம் ஊரில் இலவசம் ஒன்றைப் பெற எத்தனை மேசைகளில் கைகட்டி நிற்க வேண்டும் என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். காசுள்ளவர் ஏமாற்றிவிட மாட்டாரா என்ற கேள்வி எழத்தான் செய்யும். சிலர் செய்திருக்கலாம். ஏழையை வாசலில் நிறுத்தி விசாரிப்பதைவிட அந்த நஷ்டம் சின்னது என்று அவர்கள் தீர்மானித்தார்கள். கட்டணப் பிரிவில் வந்த வருமானம் இலவசப் பிரிவையும் சேர்த்துத் தாங்கியது.

எல்லாம் ஒரே மாதிரி இருந்தது என்று சொல்ல முடியாது. பணம் கொடுத்தவருக்குக் கட்டில், தனி அறை. இலவசப் பிரிவில் நீண்ட கூடத்தில் பாய். மருத்துவர்கள் மட்டும் இரு பக்கமும் மாறி மாறி வேலை பார்த்தார்கள், ஆகவே கத்தி பிடிக்கும் கை ஒன்றாகவே இருந்தது. பாயில் படுத்ததை அவமானமாக எடுத்துக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். வீட்டிலும் பாயில்தான் படுக்கிறோம் என்று பேசாமல் இருந்தவர்கள் அதிகம். இந்தப் பாகுபாட்டைக் குறை சொல்லலாம். சொல்பவர்கள், அதே காலத்தில் ஒரு கட்டிலில் இருவரைப் படுக்க வைத்த மருத்துவமனைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாளுக்கு நூற்றுக்கணக்கான பேரைப் பார்க்கும் மருத்துவருக்கு ஒருவரோடு உட்கார்ந்து பேச நேரம் ஏது? அந்த வேலை வேறு கைகளுக்குப் போனது. கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்து, பார்வைச் சோதனை, அறுவை அரங்க உதவி, நோயாளிக்கு எடுத்துச் சொல்லுதல் என்று தனித்தனியாகப் பழக்கினார்கள். மருத்துவமனைப் பணியாளர்களில் பெரும்பங்கு இவர்கள். இவர்களில் ஆலோசகராக உட்காருபவர் கண்ணின் மாதிரி உருவத்தைக் கையில் வைத்துக்கொண்டு புரை எது, லென்ஸ் எது, என்ன செய்யப் போகிறார்கள், எவ்வளவு ஆகும், எப்போது தலைக்குக் குளிக்கலாம் என்று பாட்டியின் பேச்சு வழக்கிலேயே விளக்குவார். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வியைத் தன் பேத்தி வயதுப் பெண்ணிடம் கேட்க யாரும் தயங்குவதில்லை. எழும்பூரில் இல்லாமல் திண்ணையில் மட்டும் இருந்த ஒன்று, தெரிந்த பாஷையில் பேசும் ஆள், இப்படித்தான் மருத்துவமனைக்குள் வந்து உட்கார்ந்தது. இந்தப் பெண்களின் உழைப்புக்கு மருத்துவர்களின் புகழில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைத்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தடித்த கண்ணாடிப் பிரச்சினைக்கு விடை 1992இல் வந்தது. கண்ணுக்குள்ளேயே பொருத்தும் லென்ஸை அப்போது வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. நூறு டாலரை ஒட்டிய விலை. ஏழைக்குக் கண்ணாடி, பணக்காரருக்கு லென்ஸ் என்று ஆகிவிடாமல் இருக்க மதுரையிலேயே அரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. பார்வை மூக்கின் மேல் உட்கார்ந்திருந்த காலம் போய், பேரப்பிள்ளை உடைக்க முடியாத இடத்துக்குச் சென்றது.

இவ்வளவுக்குப் பிறகும் 1999இல் வெளியான ஓர் ஆய்வு தூக்கிவாரிப் போட்டது. லண்டன் ஆய்வாளர் ஆஸ்ட்ரிட் ஃப்ளெட்சரும் அரவிந்த் மருத்துவர்களும் சேர்ந்து செய்தது அது. முகாம் நடந்த ஊர்களிலேயே கண்ணில் கோளாறு இருந்தவர்களில் ஏறத்தாழ 7 சதவீதத்தினர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். நூற்றில் தொண்ணூற்று மூன்று பேர் முகாம் பக்கமே வரவில்லை. இப்படி ஒரு முடிவைத் தன் பெயரோடு சேர்த்து அச்சிட ஒரு நிறுவனத்துக்கு நெஞ்சுரம் வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை வருவது போதாது, எப்போதும் திறந்திருக்கும் ஓரிடம் வேண்டும் என்ற முடிவுக்கு அது கொண்டுவந்தது. 2004 முதல் சிறு நகரங்களில் பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. ஒரு கடை அளவு இடம், சோதனைக் கருவி, பயிற்சி பெற்ற பெண், ஒரு கணினி. தேனிப் பக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பொறியாளர்கள் நெடுந்தொலைவு கம்பியில்லா இணைப்பு ஏற்படுத்திக் கொடுக்க, நோயாளி உள்ளூரில் உட்கார்ந்தபடியே திரையில் மருத்துவரிடம் பேசினார். சந்தைக்கு வந்தவர் காய்கறிப் பையோடு உள்ளே நுழைந்து கண்ணைக் காட்டிவிட்டுப் போகலாம். வெங்கடசாமி 2006இல் காலமானபோது இந்த மையங்கள் தவழும் பருவத்தில் இருந்தன. இப்போது நூற்றைத் தாண்டிவிட்டன.

கண்புரையோடு நோயாளிக்கு உள்ள தொடர்பு ஓர் அறுவையில் முடிந்துவிடுவது. அடுத்து வந்திருக்கும் இரண்டு நோய்கள் அப்படியல்ல. கண்ணழுத்த நோய்க்கு ஆயுள் முழுக்க மருந்து. சர்க்கரை விழித்திரையைப் பாதித்தால் ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு. இரண்டிலும் தொடக்கத்தில் பார்வை நன்றாகவே தெரியும், வலியும் இருக்காது. நன்றாகத் தெரிகிற கண்ணைக் காட்ட ஆண்டுதோறும் ஒருவரைத் திரும்ப வரவைப்பது, பஸ் அனுப்பிக் கூட்டி வருவதைவிடக் கடினமான வேலை. மருத்துவமனைகள் இதில் இன்னும் தேறவில்லை. பாதிக் கடமை குடும்பத்தின் தலையில் இருக்கிறது. வீட்டில் சர்க்கரை உள்ளவர் யாராவது இருந்தால், கண்ணெல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று அவர் சொன்னாலும் ஆண்டுக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கிளம்பும்போது அடுத்த தேதியைக் கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.